கைராசிக்காரர் தரும் மிஷின்

மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் இடது கை நீங்கலாக. அங்கே உன் இரண்டு கைகளும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். அவை அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். எழுதி அனுப்பினால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். பட்டாளத்தில் உனக்கு அந்தப் பொறுமையையாவது பழக்கியிருப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கல்யாணம் முடிந்த கையோடு பட்டாளத்து வேலையை முடித்துக்கொண்டு வந்து, உன் அப்பாவைப் போல மரம் வெட்டும் வேலையில் இறங்கப் போவதாகச் சொன்னாய். நல்லது. குற்றாலத்தில் விடுதி கட்டியிருப்பவர்கள் சாய்ந்த மரத்துக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள், உனக்கு வேலை இருக்கும். தாய்மாமன் சீராக உன் மாமா ஒரு செயின் சா தரப்போவதாகவும், ஐம்பத்திரண்டு வேண்டுமா ஐம்பத்தெட்டு வேண்டுமா என்று கேட்பதாகவும் சொன்னாய். இன்னொன்று வாங்கினால் புதிதா, பழையதா என்றும் கேட்டாய். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "மாமா மாறிட்டாவ, பழச விடும்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை பக்கம் எழுதப் போகிறேன்.

முதலில் ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு. அது எஞ்சினின் அளவு, சிசி கணக்கு. பெயர் தெரியாத கம்பெனி மிஷின்களில் இரண்டுக்கும் உடம்பு ஒன்று, செயின் சுற்றி ஓடுகிற பார் ஒன்று, செயின் ஒன்று. உள்ளே பிஸ்டன் மட்டும் கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்காமல் தெரியாது. வெளியே தெரிவது ஸ்டிக்கர்தான், அந்த ஸ்டிக்கர் உன் மாமாவின் மிஷின் கடை மேஜை டிராயரில் சுருள் சுருளாகக் கிடக்கிறது. அவன் மகன் ஐம்பத்தெட்டு என்று போட்ட ஸ்டிக்கரைக் கணக்கு நோட்டின் அட்டையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை நீயே பார்த்துச் சிரித்திருக்கிறாய். பெயர் உள்ள கம்பெனிகளில் வேறு மாதிரி. அங்கே நம்பர் ஒன்றாக இருக்கும், பின்னால் ஒரே ஒரு எழுத்து மாறும். விசாரித்தால் ஒன்றில் ஸ்டார்ட் செய்யும் கயிறு லேசாக இழுபட ஒரு ஸ்பிரிங் கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் காற்று வடிகட்டி வேறாக இருக்கும். மரத்துக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், எதற்குத் தென்காசியிலோ செங்கோட்டையிலோ அன்றைக்கே சாமான் கிடைக்கிறதோ அதை எடு. எது கனம் குறைவோ அதை எடு, மரத்தின் மேலே ஒவ்வொரு கிலோவும் கைக்குத் தெரியும். சின்ன எஞ்சினில் நீளமான பாரைப் பூட்டி, "பெரிய மிஷின்" என்று காட்டுபவனிடம் வாங்காதே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க மாட்டாய். உன் அப்பா மரத்தில் ஏறிய காலம் முழுக்க, செயின் பல்லுக்கு அரம் போட்டது நான். அதை மறந்தவர்கள் உன் மாமாவும் அவன் கூட்டமும்தான். அவர்கள் கண்ணுக்கு நான் சீர்த்தட்டுக்குப் பின்னால் நிற்கிற அக்கா.

உன் அப்பாவுக்கு அடிபட்டபோது நீ பயிற்சியில் இருந்தாய். விவரம் எதையும் உனக்குச் சொல்லவில்லை, அவர் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு விடுதி வளாகத்தில் பலா மரம் ஒன்று கூரை மேல் சாய்ந்திருந்தது. உன் மாமா கடையில் அப்போதுதான் வாங்கிய பழைய மிஷினோடு உன் அப்பா ஏறினார். இலைக்குள் மறைந்திருந்த ஒரு கிளையில் பாரின் நுனி பட்டது. நுனி பட்டால் மிஷின் மேல் நோக்கி எகிறும், எந்த மிஷினும் எகிறும். அதற்காகத்தான் முன்னால் ஒரு கைக்காப்பு வைத்திருக்கிறார்கள். மிஷின் எகிறும்போது கைக்காப்பு மணிக்கட்டில் இடித்து முன்னால் சாயும், பிரேக் விழும், செயின் கண்ணிமைக்கும் நேரத்தில் நிற்கும். உன் அப்பாவின் மிஷினில் கைக்காப்பு சாய்ந்தது. டக் என்று சத்தமும் வந்தது என்கிறார். செயின் நிற்கவில்லை. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நரம்போடு கிழித்துக்கொண்டு போயிற்று.

எல்லோரும் வந்து பார்த்து, நேரம் சரியில்லை என்றார்கள். உன் அப்பாவும், "சாரல்ல கை வழுக்கிட்டு" என்று அதையே பிடித்துக்கொண்டார். நான் நேரத்தைக் குறை சொல்லவில்லை, மிஷினைத் தூக்கிக்கொண்டு செங்கோட்டைக்குப் போனேன். உன் மாமாவின் ஆள் அல்லாத, மலையாளம் கலந்து பேசும் ஒரு மெக்கானிக் அங்கே இருந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, இதுக்குள்ள பேண்ட் இல்லல்லோ. லிவர் வெறுதே ஆடுது" என்றார். பிரேக்கைப் பிடிக்கிற இரும்புப் பட்டைக்குத்தான் பேண்ட் என்று பெயர். அது அறுந்து போயிருக்கிறது, வேறு போட உன் மாமாவுக்குச் சோம்பல். எடுத்து எறிந்துவிட்டு, மூடியை முடுக்கி, சத்தம் மட்டும் வரும்படி விட்டிருக்கிறான்.

அன்றே கடைக்குப் போனேன். கடையில் உன் மாமா இருந்தான். "ஏலே, பேண்ட் எங்கலே?" என்று கேட்டேன். அவன் திடுக்கிடக்கூட இல்லை. "எக்கா, இங்கன பாதிப்பேரு பேண்ட் இல்லாமத்தான் வெட்டுதான். யாரு பிரேக்கப் பாத்து மிஷின் வாங்குதா? அத்தான்லா கவனமா இருந்திருக்கணும்" என்றான். அத்தான் கவனமாக இருந்திருக்க வேண்டுமாம். இதைச் சொன்ன வாயோடு அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். உன் அப்பா அதை வாங்கிக்கொண்டு, "மிஷின எடுத்துட்டுப் போயிரு மாப்ள, இனிமே என் கண்ணுல பட வேண்டாம்" என்றார். அவனும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு ஊரெல்லாம் அவன் சொன்ன கதை உனக்கும் வந்திருக்கும். என் கைராசியில் வாங்கிப் போன மிஷின், அத்தான் நல்ல நேரம் பார்க்காமல் மரத்தில் ஏறிவிட்டார் என்ற கதை. மச்சானின் கையையும் கெடுத்து, குற்றத்தையும் அந்தக் கையிலேயே கட்டிவிட்டான்.

கைராசி. இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் உன் மாமா கடை நடத்துகிறான். தென்காசி வட்டாரத்தில் யார் மிஷின் வாங்கினாலும், வேறு கடையில் வாங்கியவன்கூட, அவனிடம் கொண்டுவந்து, "அண்ணாச்சி, ஒங்க கையால ஒரு இழு இழுத்துத் தாங்க" என்று கேட்கிறான். அவன் செருப்பைக் கழற்றி, மிஷினில் சந்தனம் வைத்து, கண்ணை மூடி ஒரு நொடி நின்று, கயிற்றை இழுப்பான். ஒரே இழுப்பில் பிடிக்கும். வாங்கியவன் கும்பிடுவான். உன் அப்பாவும் அப்படித்தான் கும்பிட்டு வாங்கினார். அது ஒரே இழுப்பில் பிடித்ததால்தான் அவர் எதையும் திறந்து பார்க்கவில்லை. ராசியைச் சோதித்துப் பார்ப்பது அவமரியாதை என்று நினைக்கிற ஊர் இது.

அடிபட்டதற்கு அடுத்த ஆண்டு, பொங்கல் சமயம், உன் மாமன் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனேன். கடைக்குப் பின்னால்தான் அவன் வீடு என்பது உனக்குத் தெரியும். காலையில் அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு உன் மாமா இழுக்கிறான், இழுக்கிறான், இழுத்துக்கொண்டே இருக்கிறான். சட்டையைக் கழற்றிவிட்டு இழுக்கிறான். பெட்ரோலை நேரே உள்ளே சொட்டு விட்டு இழுக்கிறான். கடைசியில் இருமிக்கொண்டு பிடித்தது. நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டு, நிறுத்தி, துணியால் துடைத்து, கடைக்குள் கொண்டுபோய் வைத்தான். முகத்தைக் கழுவி விபூதி பூசினான். கொஞ்ச நேரத்தில் வாங்குகிற ஆள் வந்தான். சந்தனம், கண்மூடல், ஒரே இழுப்பு. அந்த ஆள் காலில் விழாத குறை. சூடான மிஷினை என் வீட்டுப் பூனை இழுத்தாலும் பிடிக்கும். மற்றவன் மிஷினைக் கொண்டுவந்தாலும் "பிளக்கத் துடைச்சுத் தாரேன்" என்று பின்கட்டுக்கு எடுத்துப் போவதன் ரகசியமும் அன்றுதான் புரிந்தது.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துகொண்டு அல்ல. அக்கா மட்டும் பார்த்தால் அது அக்காவின் பொறாமை. ஊர் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வரும் என்று இருந்தேன். இந்த மாதிரிக் கடிதத்தில் பெற்றவர்கள் தங்கள் தவறுகளை எழுதி வருந்துவார்கள். என்னிடம் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. நான் மறக்கவில்லை, அதைத் தவறு என்று நீ சொன்னால் சொல்லிக்கொள்.

உன் அப்பா மன்னித்துவிட்டார் என்பாய். அவர் மன்னிப்பதை நான் தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். சீசன் வந்தால் ஐந்தருவியில் பழக்கடை போடுகிறோமே, வருகிறவர்கள் மங்குஸ்தானை எடுத்து, "ஒண்ணு ஒடச்சுக் காட்டுங்க அண்ணாச்சி, உள்ள எப்படி இருக்குன்னு பாப்போம்" என்கிறார்கள். மங்குஸ்தானை உடைக்க இரண்டு உள்ளங்கையும் வேண்டும். பலா மரத்தையே இறக்கியவர் அந்தச் சின்னப் பழத்தை வலது கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் நீட்டுகிறார். நான் உடைத்துக் கொடுக்கிறேன். அவர் மேகத்தைப் பார்க்கிறார். அவர் மன்னித்ததில் எனக்குப் பங்கு கிடையாது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன வாரம் சீர் பார்க்கும் சாக்கில் கடைக்குப் போனேன். உனக்கென்று எடுத்து வைத்திருக்கும் மிஷினை உன் மாமா ஆசையாகக் காட்டினான். புத்தம் புதிய ஐம்பத்தெட்டு என்றான். கயிற்றைப் பிடித்து மிஷினைத் தூக்கினேன். பழைய மிஷின் வாங்கினால் நீ முதலில் செய்ய வேண்டியது இதுதான். எஞ்சினில் உயிர் இருந்தால் மிஷின் விட்டு விட்டு, மெல்ல மெல்ல இறங்கும். இது கிணற்றில் வாளி விட்ட மாதிரி இறங்கியது. புதிய ஸ்டிக்கரும் புதிய உடம்பும் மாட்டிய பழைய எஞ்சின். "ஓட்டிக் காட்டுலே" என்றேன். "மண்டபத்துல வச்சுத்தான் இழுக்கணும்க்கா, இப்பமே இழுத்தா ராசி போயிரும்" என்றான். எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனான். என் பையில் ஸ்பேனர் இருந்தது. பக்கவாட்டு மூடிக்கு இரண்டே நட்டு. திறந்து பார்த்தேன்.

உள்ளே பேண்ட் இல்லை.

அத்தானுக்குச் செய்ததை மருமகனுக்கும் செய்கிறான். உன்மேல் அவனுக்குக் கோபமோ பகையோ கிடையாது, பாசம்தான். யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம், அவ்வளவுதான். மூடியை முடுக்கிவிட்டு, அவன் வாங்கி வந்த கலரைக் குடித்தேன். குடித்துக்கொண்டே ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். "தாய்மாமன் சீரு முந்தின நாள் சாயங்காலமே மேலகரத்துல எங்க வீட்டுக்கு வந்துரணும்லே. ராத்திரி முழுக்க சாமி முன்னால இருக்கணும். காலைல மாமன்காரன் மண்டப வாசல்ல வச்சு, எல்லாரும் பாக்க, தன் கையால இழுத்துக் குடுக்கணும்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் நம்மிடம் கிடையாது. சடங்கு விஷயத்தில் பெண்கள் சொன்னால் ஆண்கள் தலையாட்டிவிடுவார்கள். "அதுக்கென்னக்கா, ஜமாய்ச்சிருவோம்" என்றான்.

ஆகவே உன் முதல் கேள்விக்குப் பதில், ஐம்பத்தெட்டு என்று சொல். எதைச் சொன்னாலும் அதேதான் வரும்.

புதிதா பழையதா என்ற கேள்விக்குப் பதிலை நான் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். இலத்தூரில் தேக்குத் தோட்டம் போட்ட ஒருவர், பெயர் உள்ள கம்பெனி மிஷின் வாங்கி, ஒரு சீசன் கவாத்துக்கு மட்டும் ஓட்டிவிட்டு, மகனோடு கோயம்புத்தூருக்குப் போகிறார். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். முதலில் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கயிற்றில் தூக்கினேன், மெல்ல இறங்கியது. சைலன்சரைக் கழற்றச் சொல்லி உள்ளே டார்ச் அடித்தேன், பிஸ்டனில் கீறல் இல்லை. பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டியிருந்தால் அங்கே நெடுக்காகக் கோடு கோடாக இருக்கும். ஓடவிட்டு, பார் நுனியை வெள்ளை அட்டைக்கு நேரே காட்டினேன், செயினுக்குப் போகும் ஆயில் கோடாகத் தெறித்தது. கடைசியில் செயின் சுற்றும்போதே கைக்காப்பைத் தள்ளினேன். செயின் அந்த இடத்திலேயே நின்றது. அந்த மனிதர், "இம்புட்டு நாள்ல நான் ஒருநாள்கூட அதத் தள்ளிப் பாத்ததில்லம்மா" என்றார். நான் இன்னொரு தடவை ஓடவிட்டு, இன்னொரு தடவை தள்ளினேன். இப்படி ஒரு நொடியில் நிற்க வேண்டியதுதான். பெயர் இல்லாத புதிய மிஷினைவிட, ஒழுங்காக வைத்திருந்த இந்தப் பழையது மேல். மிஷின் நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உன் அப்பாவுக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உன் மாமாவின் சீர் ராத்திரி முழுக்க என் கண் முன்னால் ஆறிக் கிடந்திருக்கும். அதன் எஞ்சினில் ஒரு திருகைக்கூட நான் தொட மாட்டேன், பக்கவாட்டு மூடியைத் திறந்து செயினை மட்டும் உருவி வைத்துக்கொள்வேன், யாருக்கும் ரத்தக் காயம் ஆகக் கூடாது என்பதற்காக. பாரின் மேல் உறை இருக்கும், தெரியாது. காலையில் மண்டப வாசலில் மேளம் நின்றதும், பெரியவர்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும், நீ மாலையோடு வந்து, பணிவாக, "மாமா, ஒங்க கைராசில ஒரு இழு இழுத்துத் தாங்க" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் உன் வசனம். பின்கட்டுக்கு எடுத்துப் போக அங்கே பின்கட்டு கிடையாது. அவன் செருப்பைக் கழற்றுவான், சந்தனம் வைப்பான், கண்ணை மூடுவான், இழுப்பான். பிறகு இன்னொரு தடவை இழுப்பான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுப்பான். அவனிடம் மிஷின் வாங்கிக் கும்பிட்டவர்கள் எல்லாம் முன் வரிசையில் இருப்பார்கள், அவர்களை நானே நேரில் போய் அழைத்திருக்கிறேன். அவன் சட்டை நனைந்ததும், வெற்றிலைத் தட்டில் இருக்கும் ஸ்பேனரை எடுத்து மூடியைத் திறந்து, உள்ளே இல்லாததை ஒவ்வொருவருக்கும் காட்டுவேன். காட்டிவிட்டுச் சொல்வேன், "தம்பி கவனமா இருந்திருக்கணும்லா" என்று. இந்த வாக்கியத்தை இத்தனை வருஷமாக வாயில் வைத்திருக்கிறேன்.

அதோடு எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்காது. அவன் ஒருத்தன்தான் மிச்சம். நாளைக்கு நான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி எடுத்துப்போட ஆள் வராது. இதை எல்லாம் யோசிக்காமல் எழுதவில்லை. யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வராவிட்டால் போகட்டும்.

உன் அப்பா எழுந்து வந்து, "விடு, போதும்" என்பார். நீ அவர் முகத்தைப் பார்த்து இளகிவிடுவாய், அது எனக்குத் தெரியும். இளகினால் இதை நினைத்துக்கொள். எனக்கு உன் மாமாவின் கை வேண்டாம். அவன் கையை எடுத்து உன் அப்பா கைக்கு ஈடு கட்ட முடியாது. அவனுடைய கைராசி ஒன்று போதும் எனக்கு. அதைப் பிடுங்கி, யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவரிடம் கொடுக்கப் போகிறேன்.

அதனால் அவர் எழுந்து வந்ததும், அவரை உட்காரச் சொல்லாதே. கட்டிலுக்கு அடியில் கிடந்த மிஷினை நான் கொண்டுவந்து வாசலில் வைப்பேன். அதுவும் ஆறிப்போய்த்தான் இருக்கும். முதலில் கைக்காப்பைத் தள்ளிப் பிரேக்கைப் போடு. பின் கைப்பிடியை மிதித்துக்கொள், முன் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொள். கயிற்றை உன் அப்பாவிடம் கொடு. இழுக்க ஒரு கை போதும்.

அம்மா